அண்ணியாருக்கு எந்த அத்தியாயம்?

விழுப்புரம்
12.5.1986

அன்புத் தங்கை இருதயசெல்விக்கு, அண்ணன் அமிர்தசாமி எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையில் இங்கு எல்லோரும் சுகம்.

திண்டிவனத்தில் உங்கள் கல்லூரி நிர்வாகம் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறது. இந்த வருஷம் பதினைந்து பேர் சேராவிட்டால் பொருளாதாரத் துறையை மூடிவிடலாம் என்று எழுதப் போகிறேன். கோபப்படாதே. இருபது வருஷம் இதே பாடம் நடத்தியவன் சொல்கிறேன், இதற்கு இனி எதிர்காலமில்லை. பாதியைக் கணக்குக்காரன் கொண்டுபோவான், மீதியை வணிகவியல். நீ பி.காம். பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் எடுத்துக்கொண்டு இரு, வேலைக்குப் பங்கமில்லை. என் மகள் பிலோமினாவையும் இங்கே பி.காம்.தான் சேர்க்கிறேன்.

உன் அண்ணி வடகம் போட்டிருக்கிறாள். கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அமிர்தசாமி


திண்டிவனம்
21.5.1986

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணனுக்கு, செல்வி வணக்கம்.

மூச்சு இருக்கும்போதே பாடை கட்டச் சொல்லி உங்களைத்தான் கேட்டார்களா? எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்த கையே அதை எழுதப் போகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

நிலக்கடலை, நம்மூர் மல்லாட்டை, களத்துக்கு வந்ததும் விலை ஏன் விழுகிறது? ஒரே நிலத்தில் அதே களையெடுக்கும் பெண்ணுக்கு மட்டும் ஏன் ஆணைவிடக் கூலி குறைவு? வடகம் வந்து சேர்ந்தது. அண்ணியார் அதைக் கடையில் விற்றிருந்தால் நாட்டு வருமானக் கணக்கில் ஏறும். எனக்குச் சும்மா கொடுத்ததால் ஒன்றுமில்லை. விடிந்ததிலிருந்து அவர் செய்யும் வேலை நம் பாடத்தில் எந்த அத்தியாயத்தில் வருகிறது, சொல்லுங்கள். பாடம் முடிந்துவிட்டது என்கிறீர்கள். பாதிக் கேள்வியை நாம் இன்னும் கேட்கவே இல்லை.

பதினைந்து பேரை நான் சேர்த்துக் காட்டுகிறேன். துணைப்பாடம் எனக்கு வேண்டாம்.

தங்கை,
செல்வி


விழுப்புரம்
2.6.1986

செல்விக்கு,

விற்றால் பொருளாதாரம், அடுப்படியில் இருந்தால் குடும்பம். இதைக்கூட மறந்துவிட்டாயா? உன் கடிதத்தைச் சாப்பிடும்போது சத்தமாகப் படித்தேன், எல்லோரும் சிரிக்கட்டும் என்று. உன் அண்ணியும் பிலோமியும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு என்ன தெரியும்!

அறிக்கையை அனுப்பிவிட்டேன். பி.காம். சீட்டும் வாங்கிவிட்டேன். பிலோமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், சரியாகிவிடும்.

அமிர்தசாமி


திண்டிவனம்
7.7.1986

அன்புள்ள அண்ணனுக்கு, செல்வி எழுதுவது.

முதலில், பயப்பட வேண்டாம். இருவரும் என்னிடம்தான் இருக்கிறார்கள்.

பிள்ளை சேர்க்கத் திருவக்கரை வரை வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒரு தகப்பனார், "இத்த படிச்சா இன்னா வேல குடுப்பாங்க? ஜல்தி சொல்லுங்க, வண்டி பூட்டணும்" என்றார். "உங்க மல்லாட்டைக்கு வெல வெக்கிறவன் யாருன்னு உங்க பொண்ணு கண்டுபிடிப்பா" என்றேன். மறுநாள் மகளை அவரே கூட்டிவந்தார். அப்படியும் பதினாலு பேர்தான். இன்று கடைசி நாள்.

காலை பஸ்ஸில் அண்ணியார் பிலோமியோடு வந்து இறங்கினார். அப்பா கையெழுத்து இல்லாமல் சேர்க்க முடியாது என்றார் கல்லூரி ஆபீஸ் கிளார்க் சுப்பராயலு. அண்ணியார் பேனாவை வாங்கிக்கொண்டார். "பெத்தவ நானு. பத்து மாசம் சொமந்துக்கினு இருந்தப்ப யாரு கையெழுத்து போட்டாங்க? நவுருங்க" என்று சொல்லி, தன் பெயரை, சூசை மேரி என்று, நிறுத்தி எழுதினார். சுப்பராயலு எழுந்து நின்றுவிட்டார்.

நீங்கள் வைத்த பதினைந்தை உங்கள் மகளே நிரப்பினாள், அண்ணா. துறை மூடப்படாது.

பிலோமிக்கு நான் எடுக்கப்போகும் முதல் பாடமே அண்ணியாரின் வேலைதான். அதற்கு ஒரு உதாரணம் வேண்டும். அண்ணியார் பத்து நாள் இங்கேதான் தங்கப் போகிறார். அதுவரை அவர் இல்லாத உங்கள் வீட்டில் நடப்பதையெல்லாம் எனக்கு எழுதுங்கள். அது பொருளாதாரமா, குடும்பமா என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஸ்டவ்வில் திரி சரியில்லையாம், பார்த்துப் பற்றவைக்கச் சொன்னார். வடகம் பரண்மேல் இருக்கிறதாம்.

என்றும் உங்கள்,
செல்வி