உங்கள் கையில் நான் வைத்த சாவி

அண்ணே,

இன்று விழுப்புரத்தில் டாக்டரம்மா என் நெஞ்சின்மேல் வட்டமாக ஒரு கருவியை வைத்துவிட்டு, "ஐயா, உங்க சொந்தத் துடிப்பு எப்படி இருக்குன்னு பார்க்கணும். உள்ள இருக்கிற பேஸ்மேக்கரைக் கொஞ்சம் குறைக்கிறேன். ஒரு மாதிரி இருந்தா சொல்லுங்க" என்றார். சொல்ல எங்கே நேரம்? தலை காலியானது. சுவரில் இருந்த காலண்டர் கறுத்துக்கொண்டே போனது. வாயைத் திறப்பதற்குள் அவர் எதையோ அழுத்த, முகத்தில் சூடாக ரத்தம் ஏறி எல்லாம் திரும்பி வந்தது. உங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, வயசுக்கேற்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன்.

அறுபதுகளில் விழுப்புரம்–திண்டிவனம் வண்டியில் நீங்கள் டிரைவர், நான் கண்டக்டர். முதல் தடவை நீங்கள் விழுந்தது திண்டிவனம் ஸ்டாண்டு டீக்கடை வாசலில். கண் செருகி, கை இழுத்தது. காக்கா வலிப்பு என்று யாரோ கத்தினார்கள். வலிப்புக்காரன் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது யாருக்குத்தான் தெரியாது? டூல் பாக்ஸ் சாவியை உங்கள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். பத்து எண்ணுவதற்குள் முகம் சிவக்க எழுந்து உட்கார்ந்தீர்கள்.

"இன்னாடா, பேந்தப் பேந்த முழிச்சிக்கினு நிக்கிற? டயமாச்சி, ரைட் குடு."

அதற்கப்புறம் நாலைந்து தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் சாவி, ஒவ்வொரு தடவையும் நீங்கள் எழுந்தீர்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தச் சாவியை இடுப்புக் கயிற்றிலேயே கட்டிக்கொண்டு திரிந்தேன், பெரிய வைத்தியன் மாதிரி.

பிறகு விக்கிரவாண்டி தாண்டி ஓடும் வண்டியிலேயே வந்தது. உங்கள் தலை ஸ்டியரிங்கில் சாய்ந்ததைப் பார்த்து நான் பாய்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வண்டி மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. "பஞ்சர்" என்று ஜனங்களிடம் வாய் கூசாமல் சொன்னேன். நீங்கள் மட்டும் கீழே இறங்கி, திரும்ப ஏறவில்லை.

"நாப்பது உசுருடா. நீ மறைச்சிக்கினே இருப்ப, நான் ஓட்டிக்கினே இருப்பேனா?"

நீங்களே முதலாளியிடம் போய்ச் சொன்னீர்கள். அவர் உங்களைத் திண்டிவனம் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார வைத்தார். வண்டி வரும் நேரத்தைக் குறித்து, புறப்பட விசில் ஊதும் வேலை. அண்ணி உங்களை அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். நான்தான் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பெரிய டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் உங்கள் நாடியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தார். நிமிஷத்துக்கு முப்பதுகூட இல்லை.

"இது வலிப்பு இல்லப்பா. இதயத்தோட மேல் அறை போடுற உத்தரவு கீழ் அறைக்குப் போய்ச் சேரலை. கீழ் அறை சும்மா நின்னுடுது, இவரு விழுந்துடுறாரு. தானா ஓடினாத்தான் எழுந்துக்கிறாரு. வெளிநாட்ல ஒரு சின்னப் பெட்டியை உள்ள வெச்சித் தைக்கிறாங்க. அது கரண்டால தட்டிக்கினே இருக்கும். ஆள் தூங்கினாலும் ஓடினாலும் ஒரே வேகம்தான்."

உங்களுக்குக் குசும்பு போகுமா? "ஏத்தத்துலயும் எறக்கத்துலயும் ஒரே கீர்ல ஓட்டுறவன் இன்னா டிரைவரு சார்?" என்றீர்கள். டாக்டர் சிரித்துவிட்டார். "அந்தப் பெட்டி நம்ம ஊருக்கு எப்ப வருங்க?" என்று நான் கேட்டேன். அவர் மாத்திரை எழுதினார்.

அண்ணே, இப்போது என் தோளுக்குக் கீழே இருக்கும் பெட்டி அப்படியில்லை. என் இதயம் தானாகத் துடித்தால் இது வாயைத் திறக்காது. குறித்த நேரத்துக்குள் துடிப்பு வரவில்லை என்றால்தான் தட்டும். நான் மாடிப்படி ஏறினால் தெரிந்துகொண்டு வேகத்தைக் கூட்டும், படுத்தால் குறைக்கும். ஏற்றத்துக்கு ஒரு கீர், இறக்கத்துக்கு ஒரு கீர். நீங்கள் கேட்ட டிரைவர் வந்துவிட்டான். அவன் என்னிடம் வந்து என்ன புண்ணியம்?

அந்தக் கடைசி நாள் காலை, வண்டி ஸ்டாண்டுக்குள் திரும்பும்போது பார்த்தேன். விசிலை வாயில் வைத்துக்கொண்டு எழுந்தீர்கள், ஊதவில்லை, சரிந்தீர்கள். ஓடி வந்தேன். இதயம் என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். பாழாய்ப்போன என் கை என்ன செய்தது தெரியுமா? இடுப்புக் கயிற்றுக்குத்தான் போனது. சாவியை வைத்து உங்கள் விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் ஒருவர், "தூக்குப்பா, ஜல்தியா ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றார். தொடவிடவில்லை நான். "சாவி குடுத்துட்டேன், இப்ப எழுந்துக்குவாரு பாருங்க" என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். உங்கள் முகம் சிவக்கவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அந்தக் கடைக்காரர்தான் என் விரல்களைப் பிரித்து விட்டார்.

சாவி ஒருநாளும் உங்களை எழுப்பவில்லை, அண்ணே. உங்கள் இதயம் அதுவாகவே ஓடியது, நான் பெயர் வாங்கிக்கொண்டேன்.

இன்று டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன். "அன்னிக்கு நான் நெஞ்சைப் போட்டு அமுக்கியிருந்தா, அவரு பொழைச்சிருப்பாராம்மா?" அவர் பேனாவை மூடிவிட்டு, "சொல்ல முடியாதுங்கய்யா" என்றார். பிழைத்திருக்க மாட்டார் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அந்தப் பெண். சின்னப் பெண், பொய் வரவில்லை.

வெளியே வரும்போது ஒரு காகிதம் கொடுத்தார். போன தடவை வந்ததிலிருந்து என் இதயம் பாதி நேரம்தான் தானாகத் துடித்திருக்கிறதாம். மீதிப் பாதி முழுக்க எனக்காக அந்தப் பெட்டி சலிக்காமல் தட்டியிருக்கிறது. உங்கள் நெஞ்சில் ஒரே ஒரு தடவை தட்ட என் கை போகவில்லையே, அண்ணே.