பதினேழாம் எண்ணுக்கு ஒரு மார்க்

12 நவம்பர் 1973

வேலை கிடைத்துவிட்டது. இவ்வூர்க் கால்பந்துக் கழகம் ஒன்றில். கல்லூரிப் பையன்கள் ஆடும் ஆட்டத்தைத் திரையில் ஓட்டிப் பார்த்து, சம்பளத்துக்கு ஆட யார் தேறுவார்கள் என்று சொல்ல வேண்டும். மெட்ராஸில் பதினோரு வருஷம் பெண்கள் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்ததும், ஒன்பது வருஷம் யூனிவர்சிட்டி பேப்பர் திருத்தியதும் இதற்குப் போதுமான தகுதி என்று ஜெர்வே கருதுகிறார். ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் அதிகாரி அவர்தான். முன்னாளில் ஆடியவர். மூக்கு ஒரு தடவை இடப்பக்கமும் ஒரு தடவை வலப்பக்கமும் உடைந்து, இப்போது ஏறக்குறைய நேராக இருக்கிறது.

"மதாம், கால்பந்து பார்த்ததுண்டா?"

"இல்லை."

"நல்லது. பார்த்தவர்கள் எல்லோரும் என்னோடு சண்டை போடுகிறார்கள்."

ஏப்ரல் வரை தற்காலிகம். பிப்ரவரியில் எல்லாக் கழகங்களும் கூடி, முறைவைத்து, கல்லூரிப் பையன்களில் ஆளுக்கு ஒருவராக எடுத்துக்கொள்ளுமாம். அதன் பிறகு என்னைப் பற்றி முடிவு செய்வார்கள்.

இவர் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்ததும் சொன்னேன். "பந்தைக் கையில இடுக்கிட்டு ஓடறானுங்க. அதுக்கு எதுக்கு கால்பந்துன்னு பேரு?" என்றார். இன்டர்வியூவில் அந்தக் கேள்வி வரவில்லை.

19 நவம்பர்

வீடு இருக்கும் கோட்-டெ-நெய்ஜிலிருந்து ஆபீஸ் இருக்கும் புவாண்ட்-கிளேருக்கு இரண்டு பஸ். ஆபீஸ், மெத்தைக் கிடங்கின் மாடியில் ஒரு இருட்டறை. ப்ரொஜெக்டர், நாற்காலி, நான்.

எனக்குக் கொடுத்திருப்பது லைன்பேக்கர்கள் மட்டும். முப்பத்தொரு பேர். புரிந்த வரையில்: முன்வரிசையில் ஆட்கள் ஆட்டுக்கடாக்கள் மாதிரி மோதிக்கொள்வார்கள். அவர்களுக்கு நாலைந்து கஜம் பின்னால் ஒருவன் குனிந்து நிற்பான். எதிராளி பந்தை எடுத்த கணத்தில், இவன் ஓடப்போகிறானா, எறியப்போகிறானா, எந்தப் பக்கம் என்று ஊகித்து, அங்கே போய், அவனைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ள வேண்டும். அவ்வளவுதான். நாலு விநாடியில் முடிந்துவிடும். பிறகு எல்லோரும் எழுந்து நின்று அதைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்கிறார்கள்.

கழகம் ஊர் ஊராக அனுப்பிய ஆட்களின் குறிப்புகளையும் கொடுத்திருக்கிறார்கள். "கழுத்து நன்றாக இருக்கிறது." "தாடையில் உறுதி தெரிகிறது." "அப்பா ஆடியவர், பெரியப்பாவும்." "கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, அடக்கமான பெண்." படிவத்தின் கடைசிக் கட்டம்: இதயம், ஐந்துக்கு இத்தனை என்று. பலருக்கு ஐந்தும் கொடுத்திருக்கிறார்கள்.

இவர் சிறுநீரக டாக்டர். இருந்தாலும் கேட்டுவைத்தேன்.

"ஸ்டெதாஸ்கோப் வெச்சுப் பாத்தாங்களாமா?"

"கேக்கல."

"அப்ப அஞ்சுக்கு அஞ்சு போட முடியாது. அது துணிஞ்ச காரியம்."

3 டிசம்பர்

ஜெர்வேயிடம் இரண்டு நிபந்தனைகள் வைத்தேன். முதலாவது: எனக்குப் பெயர், கல்லூரி, பெரியப்பா எதுவும் தெரியக்கூடாது. மெட்ராஸில் விடைத்தாளின் நம்பரை மறைத்து வேறு நம்பர் போட்டுத்தான் கொடுப்பார்கள். மந்திரி மகனும் எங்களுக்கு வெறும் எண்தான். இரண்டாவது: மார்க் விடைக்கு மட்டும் இல்லை, படிக்குப் படி. கடைசி வரியில் கூட்டல் தப்பினாலும், அதுவரை சரியாகப் போட்டவனுக்கு மார்க் உண்டு.

"அதாவது ஆளை வீழ்த்தாதவனுக்கும் மார்க்கா?"

"சரியான இடத்துக்குப் போயிருந்தால்."

கொஞ்ச நேரம் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார். அனுமதி.

17 டிசம்பர்

முதல் சுற்றில் முதல் அடியை மட்டும் பார்க்கிறேன், மற்றப் படிகள் பிறகு. பந்து நகர்ந்ததும் அவன் எந்தக் காலை, எந்தப் பக்கம் எடுத்துவைக்கிறான். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி. எல்லோரும் கடைசியில் விழும் சத்தத்தைத்தான் பார்க்கிறார்கள் போலிருக்கிறது. இந்த ஃபிலிமில் சத்தமே இல்லை. அது ஒரு வசதி.

கழுத்து நன்றாக இருக்கிற ஒருவன் பத்துக்கு ஏழு தடவை எதிர்ப்பக்கம் ஓடுகிறான். இதயம்: ஐந்து.

21 டிசம்பர்

பனி. பஸ் வரவில்லை. வீட்டில் இவரை ஹாலில் குனிந்து நிற்கச் சொல்லிப் பார்த்தேன். முதலில் எடுத்துவைத்தது இடது கால். ஏன் என்று கேட்டேன். "வலது முட்டி வலிக்குது." இது எந்தக் குறிப்பிலும் இல்லாத விஷயம். முட்டிக்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும்.

14 ஜனவரி 1974

இன்றைக்குப் பதினேழு. விசித்திரமான பேர்வழி. முப்பது ஆட்டத் துண்டுகளில் இருபத்தாறில் முதல் அடி சரி. எதிராளிக்கே தெரியுமோ தெரியாதோ, இவனுக்குப் பந்து எங்கே போகும் என்று தெரிந்திருக்கிறது. போய் நிற்கிறான். ஆள் வருகிறான். இவன் கட்டிப்பிடிக்கிறான். ஆள் இவன் கைகளுக்குள்ளிருந்து ஈரச் சோப்பு மாதிரி நழுவிப் போய்விடுகிறான். ஒரு தடவை இல்லை, பதினெட்டுத் தடவை.

முதல் அடிக்கு மார்க் கொஞ்சம்தான், மீதி எல்லாம் பிடிக்கிற படிகளுக்கு. கூட்டினேன். நூற்றுக்கு முப்பத்துநாலு.

பாஸ் மார்க் முப்பத்தைந்து என்று வைத்திருக்கிறேன். ஏன் முப்பத்தைந்து என்று ஜெர்வே கேட்டபோது, "முப்பத்தைந்துதான்" என்று சொன்னேன். அவரும் அதை ஒரு விதி என்று எடுத்துக்கொண்டார்.

முப்பத்துநாலில் ஒருவனை நிறுத்திவிட்டு நான் எந்த வருஷமும் வீட்டுக்குப் போனதில்லை. ஒரு கிரேஸ் மார்க் போட்டேன். முப்பத்தைந்து. பேனாவை மூடினேன்.

15 ஜனவரி

பட்டியலைச் சரிபார்க்கும்போது கண்ணில் பட்டது: இருபத்திரண்டும் முப்பத்துநாலுதான். அவனைப் போன வாரமே கூட்டி மையில் எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும்.

இருக்கட்டும்.

20 பிப்ரவரி

பொறுக்கல் முடிந்தது. என் பட்டியலில் பாஸானவர்கள் பதினொருவர். பத்துப் பேரை மற்றக் கழகங்கள் கொத்திக்கொண்டு போய்விட்டன. கடைசிச் சுற்றில் ஜெர்வேயின் முறை வந்தபோது மீதம் இருந்தது ஒரே எண். பதினேழு.

"உங்கள் பையனை எடுத்துவிட்டேன்" என்றார் போனில்.

என் பையனா!

21 பிப்ரவரி

தோசை கருகிவிட்டது. இவர் தட்டைப் பார்த்துவிட்டு, "என்ன வசு?" என்றார். சொன்னேன்.

"ஒரு மார்க்குதானே. மெட்ராஸ்ல போடலையா?"

"போட்டேன். நூறு பேருக்குப் போட்டிருப்பேன். ஆனா அங்க ஒருத்தி பாஸானா இன்னொருத்தி ஃபெயிலாக மாட்டா. எத்தனை பேர் வேணும்னாலும் தேறலாம், நாற்காலி இத்தனைதான்னு யாரும் சொல்லல. இங்க ஒரே நாற்காலி. நான் ஒருத்தனைத் தூக்கி உக்கார வெச்சேன் — அப்ப இருபத்திரண்டு எங்க உக்காருவான்? அவன் பேர் என்ன? அவன் இப்ப என்ன பண்றான்? எனக்கு எதுவும் தெரியாது. தெரியக்கூடாதுன்னு நான்தானே சொன்னேன்."

அம்புஜத்துக்கு எழுதியிருக்கிறேன். ஒன்பது வருஷமும் எங்கள் சீஃப் எக்ஸாமினர் அவள்தான். கால்பந்து என்று எழுதவில்லை. "ஒரு தேர்வு" என்று எழுதினேன்.

22 மார்ச்

அம்புஜத்தின் பதில். எட்டு வரி.

"கிரேஸ் மார்க்கை நீ இரக்கம்னு நினைச்சிண்டிருக்கே. அது சோம்பல். முப்பத்துநாலு வந்தா பேப்பரை முதல்லேர்ந்து மறுபடி திருத்தணும்னுதான் விதி. முப்பத்தாறும் வரும், முப்பதும் வரும். நீ ஒரு வருஷமாவது மறுபடி திருத்தினியா? எனக்குத் தெரியும், திருத்தலை. ரயிலுக்கு நேரமாச்சுன்னு ஓடுவே. அங்கே குளிர் எப்படி?"

25 மார்ச்

இரண்டு ஃபிலிமையும் மறுபடி ஓட்டினேன். காலை முழுக்க.

பதினேழு: முப்பத்துமூன்று.

இருபத்திரண்டு: முப்பத்தெட்டு. அவனுடைய ஆட்டத்தின் பின்பாதியில் பனி விழுந்து படம் மங்கியிருக்கிறது. முதல் தடவை, தெரியாத இடங்களில் பூஜ்யம் போட்டிருக்கிறேன். தெரியாதது என் கண்ணுக்கு. பூஜ்யம் அவன் கணக்கில்.

26 மார்ச்

சொன்னால் ஏப்ரலோடு வேலை போகும். சொல்லாவிட்டால்? யாருக்கும் தெரியாது. தாள்களைப் பூட்டிவைத்திருக்கும் அலமாரியை என்னைத் தவிர யாரும் திறப்பதில்லை.

இவர் அபிப்பிராயம் கேட்டேன். "எனக்கு ஒரு தடவை ரிப்போர்ட் மாறிப்போச்சு. காலைல போய்ச் சொல்லிட்டேன். சாயங்காலம் சொல்றது கஷ்டம்" என்றார்.

27 மார்ச்

காலையிலேயே போனேன். இரண்டு தாளையும் ஜெர்வே முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிகரெட்டை அணைத்துவிட்டு நிதானமாகப் படித்தார்.

"மதாம், எங்கள் படிவத்தில் 'இதயம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே. அது என்னவென்று நினைத்தீர்கள்?"

"தெரியாது. என் கணவருக்கும் தெரியவில்லை."

"பிடித்த பையனுக்கு ஐந்து. பிடிக்காதவனுக்கு இரண்டு. முப்பது வருஷமாக நாங்கள் போடுவது அதுதான். நீங்கள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டீர்கள். அதை என்னிடம் வந்து சொல்லவும் செய்கிறீர்கள்." பிறகு, கோபமாகவே: "முப்பத்தெட்டு என்கிறீர்கள். எனக்கு இதை பிப்ரவரியில் சொல்லியிருக்க வேண்டும்!"

போனை எடுத்தார். இருபத்திரண்டை ஒரு கழகமும் எடுக்கவில்லை. சஸ்காட்செவனில் மாமாவின் டயர் கடையில் சக்கரம் மாட்டிக்கொண்டிருக்கிறானாம். ஜூன் முகாமுக்கு வந்து பார்க்கட்டும் என்று ஏற்பாடு.

என் வேலை என்னவாகும் என்று ஏப்ரலில்தான் தெரியும்.

1 ஏப்ரல்

வேலை ஆகஸ்ட் வரை தற்காலிகம். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தேதியைப் பார்த்தால் தெரியவில்லை.

10 ஜூன்

முகாம். முதல் தடவையாக வெளிச்சத்தில் கால்பந்து பார்த்தேன். சத்தத்தோடு. பயங்கரம். நான் மார்க் போட்ட ஒவ்வொரு விழுதலுக்கும் இப்படி ஒரு சத்தம் இருந்திருக்கிறது.

புடவையும் ஸ்வெட்டருமாகக் கோட்டுக்கு வெளியே நின்றேன். ஆட்கள் என்னை யாரோ ஒருவனுடைய அம்மா என்று நினைத்து வழிவிட்டார்கள்.

முகம் தெரியாது, ஹெல்மெட் வேறு. ஆனால் இரண்டாவது ஆட்டத்திலேயே பதினேழைக் கண்டுபிடித்துவிட்டேன். முதல் அடி. பந்து நகர்வதற்குள் அங்கே இருந்தான். கட்டிப்பிடித்தான்.

சோப்பு.

இருபத்திரண்டு ஒரு அடி தாமதமாகத்தான் கிளம்புகிறான். ஆனால் அவன் பிடித்த ஆள் மறுபடி எழுந்து ஓடி நான் பார்க்கவில்லை.

24 ஜூன்

ஒரு நாற்காலி. இருபத்திரண்டு உட்கார்ந்துவிட்டான். பதினேழுக்குக் காலையில் சொல்லிவிட்டார்கள்.

25 ஜூன்

மத்தியானம் மெத்தைக் கிடங்கின் மாடிப்படியில் கனமான காலடி. கதவளவு உயரத்தில் ஒருவன். பெயர் ஹேன்லன். ஊர் நியூ பிரன்ஸ்விக் பக்கம். கையில் பெட்டி, சாயங்காலம் ரயில்.

"பதினேழு நான்தானாம். எனக்கு மார்க் போட்டது நீங்கள் என்று ஜெர்வே சொன்னார். எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போகலாமென்று வந்தேன்."

பொய் சொல்ல நினைத்தேன். "முப்பத்துமூன்று. பாஸ் முப்பத்தைந்து."

"ஓ" என்றான். பெரிய முகம். ஒரு கணம் பரீட்சை ரிசல்ட் பார்க்கும் பெண்பிள்ளைகளின் முகம் மாதிரியே இருந்தது.

உட்காரச் சொல்லி அவன் ஃபிலிமை ஓட்டினேன். ஒவ்வொரு நழுவலுக்கும் "ஆமாம்", "ஆமாம்" என்று ஒப்புக்கொண்டான். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவன் வாழ்நாளில் பார்த்திராத ஒரு ஆட்டத்தை மாட்டி, பந்து நகரும் கணத்தில் நிறுத்தினேன்.

"எங்கே போகும்?"

"இடப்பக்கம். அந்த மூன்றாம் ஆளின் பாதத்தைப் பாருங்கள், கனம் பின்னால் இருக்கிறது."

இடப்பக்கம்.

முப்பது தடவை நிறுத்தினேன். இருபத்தேழு சரி. ஏழு மாதம் இந்த அறையில் உட்கார்ந்திருந்த நான் ஊகித்ததில் சரி பத்தொன்பது.

"இது தெரிந்து என்ன பிரயோஜனம்?" என்றான். "எனக்கு ஆளை வீழ்த்தத்தான் ஆசை."

அவன் ரயிலைத் தவறவிட்டான். ஜெர்வேக்குப் போன் செய்தேன்.

26 ஜூன்

"மெட்ராஸில் ஒரு தாளை எத்தனை பேர் திருத்துவார்கள்?" என்று கேட்டார் ஜெர்வே.

"முறைப்படி இரண்டு பேர்."

"இங்கே ஏன் ஒருவர்?"

பதில் தெரிந்திருந்தால் ஜனவரியிலேயே சொல்லியிருப்பேன்.

30 ஆகஸ்ட்

"தற்காலிகம்" என்ற சொல்லை அடித்துவிட்டு, பக்கத்தில் ஜெர்வே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அடித்துத் திருத்தினால் அப்படி ஒன்றும் அசிங்கமாக இல்லை.

18 நவம்பர்

புதுப் படிவம் அச்சாகி வந்துவிட்டது. "இதயம்" இல்லை. முட்டி இருக்கிறது. நேற்று தொலைக்காட்சியில் இருபத்திரண்டு ஒருவனைப் பிடித்தான், இவர் சோபாவிலிருந்து எழுந்து, வலது காலை ஊன்றி, "ஆ!" என்று உட்கார்ந்தார்.

இருட்டறையில் இப்போது இரண்டு நாற்காலிகள். ஒன்று கொஞ்சம் பெரியது. அவன் தாள் எனக்குத் தெரியாது, என் தாள் அவனுக்குத் தெரியாது, கடைசியில்தான் ஒப்பிடுவோம். ஹேன்லன் கண்டிப்பானவன். என்னைவிட எப்போதும் இரண்டு மூன்று குறைவு.

இன்று ஒன்பதாம் எண்ணைக் கூட்டிவிட்டு மறுபடி ஒரு தடவை கூட்டினான்.

"மதாம், முப்பத்துநாலு."

என் தாளைத் திருப்பிக் காட்டினேன். எனக்கும் முப்பத்துநாலு.

வெளியே பனி ஆரம்பித்திருந்தது. பஸ்ஸுக்கு இருபது நிமிஷம். அவன் பேனாவைப் பார்த்தான், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு எழுந்து போய் ஃபிலிமை முதலிலிருந்து மாட்டினேன்.