எதை முதலில் பார்ப்பது?

அக்கா,

இன்று காலை ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கருப்பட்டி வாசம் வந்தது. உங்கள் மகள்தான். முந்தானையில் முடிந்திருந்த துண்டை அவிழ்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் போன பிறகு அந்த வாசமே எனக்கு ஆவதில்லை.

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் நீங்கள் வெடிமருந்து சலித்தீர்கள். புருவத்தில்கூட வெள்ளிப் பொடி ஒட்டியிருக்கும். சாயங்காலம் ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி கொடுத்து அனுப்புவார்கள். "இதத் தின்னா நெஞ்சுல உள்ள பொடியெல்லாம் எறங்கிரும், நர்சம்மா" என்பீர்கள். "நெஞ்சு என்ன வாய்க்காலா, தண்ணி விட்டுக் கழுவுறதுக்கு?" என்று நான் எரிந்து விழுவேன். நீங்கள் சிரிப்பீர்கள். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

மெட்ராஸிலிருந்து டாக்டர்கள் வந்தார்களே, பட்டாசு வேலை ஆட்களை எப்படியெல்லாம் கெடுக்கிறது என்று ஆராய! எல்லாவற்றையும் பார்க்க ஆள் இல்லை, எதை முதலில் பார்ப்பதென்று தொழிலாளிகளையே கேட்டுத் தீர்மானிக்கிறோம் என்றார்கள். முந்தின நாளே உங்களிடம் படித்துப் படித்துச் சொன்னேன். தீயைச் சொல்ல ஊரே இருக்கிறது, நீங்கள் பொடியையும் இருமலையும் சொல்லுங்கள் என்று. தலையாட்டினீர்கள்.

உங்கள் முறை வந்தது. இருமி முடித்து வாயைத் துடைத்துக்கொண்டீர்கள். "மொதல்ல நெருப்பப் பாருங்கய்யா. மத்தத பெறகு பாத்துக்கிடலாம்."

எனக்கு வந்த ஆத்திரம்! வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏங்க்கா இப்பிடிச் சொன்னீக?"

"எம் மக மருந்து செலுத்துற ரூமுல இருக்கா, நர்சம்மா. அதுக்கு ஒத்த வாசல்தான். இருமலு மெதுவாத்தான் கொல்லும். நெருப்பு நிக்குமா?"



தீயைத்தான் ஆராய்ந்தார்கள். அவர்கள் சொன்னபடி கம்பெனியில் அந்த அறைக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு வாசல் வைத்தார்கள். அடுத்த சீசனில் மருந்து பற்றிக்கொண்டபோது உங்கள் மகள் அந்த வாசல் வழியாகத்தான் தப்பி ஓடிவந்தாள். நீங்கள் அப்போது என் வார்டில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்தீர்கள். அவள் முகத்தையும் கையையும் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பாத்தீகளா?" என்றீர்கள். அந்த வாரமே போய்விட்டீர்கள். இருமலை ஆராய இன்றுவரை ஒருவரும் வரவில்லை.

உங்கள் மகள் மேல் ஒரு தீக்காயம்கூட இல்லை, அக்கா. அவளை இப்போது நீங்கள் மருந்து சலித்த அறையில் போட்டிருக்கிறார்கள்.

காலையில் கருப்பட்டி வாசத்துக்கு முன்னால் எனக்குக் கேட்டது இருமல். முதுகைக் காட்டி நின்றிருந்த நான், திரும்பிப் பார்க்காமலே, "வாங்கக்கா" என்று சொல்லிவிட்டேன்.