அந்த ஒட்டகப் படம் நான் எடுத்ததில்லை

ராகலை,
16.06.2025

அன்பு மகள் யூஜினாவுக்கு,

மாதாவின் காவலில் நீ சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், மழை தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் கூடியிருக்கிறது, நுவரெலியாவில் டாக்டர் கொடுத்த மருந்தைப் பூசிக்கொண்டு அந்தக் காலோடுதான் பூசைக்கும் போய் வருகிறாள். தம்பி ஜெனுஷன் போன ஞாயிறு ஹட்டனிலிருந்து வந்திருந்தான், அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம், பெண் பிள்ளை என்றால் உன் பெயரில் பாதியை வைக்கப் போகிறானாம். ஸ்டூடியோவில் ஒழுகிய தகரத்தை மாற்றியாகிவிட்டது. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல இரண்டு தடவை பார்த்தேன், இரண்டு தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். தாளில் எழுதினால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

மகளே, எனக்கு உன் மேல் பொறாமை. பெற்ற பிள்ளை மேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன், பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடமும் சொன்னேன், அவர் ஜெபிக்கச் சொன்னார், ஜெபித்தேன், போகவில்லை. நீ பெர்லினில் அந்தப் பத்திரிகையில் சேர்ந்து, நாடு நாடாகப் போய் ஒட்டகங்களைப் படமெடுக்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து இருக்கிறது. ஓமானில் கார் ஜன்னலுக்குள் தலையை விட்ட ஒட்டகம், ராஜஸ்தானில் ஒரு கிழவர் சாய்ந்து தூங்கிய ஒட்டகம், கென்யாவில் கிணற்றடியில் வரிசையாக நின்றவை, ஒவ்வொன்று வரும்போதும் அம்மா போனை எடுத்துக்கொண்டு கடை கடையாகக் காட்டப் போவாள். நான் உள்ளே நீலத் திரைக்கு முன்னால் யாரையாவது உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, கண்ணை மூடாதீங்க என்று சொல்லிக்கொண்டிருப்பேன். முப்பத்தெட்டு வருடமாக அதையேதான் சொல்கிறேன். உனக்குத் தெரியாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். கலியாணத்துக்கு முன்னால், ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் கூலிக்கு நின்ற காலத்தில், கட்டாருக்கு வரச்சொல்லி எனக்கு ஒரு வேலை வந்தது, ஒட்டகப் பந்தயங்களைப் படமெடுக்கிற வேலை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நமக்கெல்லாம் அப்போது இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடையாது, அந்தப் பத்திரம் இல்லாதவனுக்குப் பாஸ்போர்ட் எங்கே கிடைக்கும். தோட்டத்துச் சனங்களின் பிரஜாவுரிமை விண்ணப்பங்களுக்கு நூறு நூறாகப் படமெடுத்துக் கொடுத்த எனக்கு, பத்திரம் கைக்கு வந்தபோது நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தாய். அதற்குப் பிறகு எங்கே போக.

பெப்ரவரியில் நீ மொங்கோலியாவிலிருந்து அனுப்பிய படம் இருக்கிறதே, பனிக்குள் நிற்கும் இரட்டைத் திமில் ஒட்டகம், இமை மயிரில் பனி ஒட்டியிருக்கும், அதைத் திறந்து திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒட்டகம் என்றால் மணலில்தான் நிற்கும் என்று நினைத்திருந்தவன் நான். அந்த வெளிச்சத்துக்காக நாலு நாள் காத்திருந்தேன் அப்பா என்று குரல் பதிவிலும் சொல்லி அனுப்பியிருந்தாய். நான் பதிலுக்கு என்ன எழுதினேன் என்று உனக்கு மறந்திருக்காது. அடிவானம் கொஞ்சம் கோணல், கவனிக்கவும் என்று எழுதினேன். மகளே, அது கோணல் இல்லை. கொம்பியூட்டர் திரையில் கோடு போடும் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன், நேராக இருந்தது. நேராக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அப்படி எழுதினேன். அன்றிலிருந்து நீ படங்களை அம்மாவுக்கு மட்டும்தான் அனுப்புகிறாய், அப்பா எப்படி என்று என்னைக் கேட்பதோடு சரி.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மார்ச்சில் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கண்ணாடி போட்டு ஸ்டூடியோ வாசலில் மாட்டினேன், ஏன் மாட்டினேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இங்கே பாடசாலைக்குப் புதிதாக வந்திருக்கும் சுகிர்தன் சேர், யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தார். ஒட்டகத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் நகரவில்லை. ஐயா, இது ஆர் எடுத்த படம் என்று கேட்டார். நான்தாங்க சேர் என்றேன். சிந்திக்கவே இல்லை, யாரோ என் வாயால் பேசியதுபோல வந்தது. உண்மையாவோ, எங்கை எடுத்தனீங்கள் என்றார். மொங்கோலியாவுல, நாலு நாள் காத்துக் கெடந்து எடுத்தேன் என்றேன். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த ஊரில் இப்படி ஒருவர் இருப்பது தெரியாமல் போயிற்றே, பிள்ளைகளுக்கு வந்து சொல்ல வேண்டும் என்று மே மாதத்தில் ஒரு நாளையும் குறித்துக்கொண்டு போனார். இரண்டு மாதம் இருந்தது, ஒரு நாளாவது அவரைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா, அம்மாவின் போனிலிருந்து உன் மற்றப் படங்களையும் எடுத்துப் பதினொன்று அச்சடித்தேன்.

பாடசாலையில் பேசப் போன அன்று காலை அம்மாதான் என் வெள்ளைச் சட்டைக்கு ஸ்திரி போட்டாள். நான் உன்னைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நினைத்திருந்தாள், படம் உன்னுடையது என்று தெரிந்த கடைக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். புள்ளைங்ககிட்ட யூஜி படிச்ச ஸ்கூல் இதுதான்னு மறக்காம சொல்லுங்க என்றாள். தலையாட்டிவிட்டுப் போனேன். மண்டபத்தில் இருநூறு பிள்ளைகள் இருந்திருப்பார்கள். நீ குரலில் சொல்லி அனுப்பிய கதைகளையெல்லாம் என் கதையாகச் சொன்னேன், ஓமான் கதைக்குச் சிரித்தார்கள், கென்யா கதைக்குக் கை தட்டினார்கள், உண்மையைச் சொன்னால் அந்த அரைமணி நேரம் நன்றாக இருந்தது. பிறகு பூரணி என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, கொழுந்து பறிக்கிற அழகம்மாவின் மகள், எழுந்து நின்றாள். சேர், நாலு நாள் ஐஸுக்குள்ள இருந்தா கை வெறைச்சிப் போயிருக்குமே, எப்படி கெமராவைப் புடிச்சீங்க என்று கேட்டாள். அவள் அம்மா விடியற்காலைப் பனியில் கொழுந்து பறிக்கிறவள், அதனால் அந்தப் பிள்ளைக்கு அதுதான் கேட்கத் தோன்றியிருக்கிறது. அதற்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அதுவரை எத்தனையோ சொல்லியாகிவிட்டது. ஆனால் உன் குரலைக் கேட்ட அன்றைக்கு இதை நான் உன்னிடம் விசாரிக்கவே இல்லையே என்றுதான் அப்போது நினைவு ஓடியது. அடிமட்டத்தைத் தேடி எடுத்த கை, உன் கை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதவில்லை.

புள்ளைங்களா, நான் இந்த ஒட்டகத்தைக் கண்ணால பாத்ததே இல்ல, இது எல்லாமே எம் மக எடுத்தது, நான் பொய் சொல்லிட்டேன் என்றேன். சில பிள்ளைகள் சிரித்தார்கள். சுகிர்தன் சேருக்கு முகம் சிவந்து போனது, ஆனாலும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, இருங்கோ ஐயா, தண்ணி குடியுங்கோ என்றார். பூரணி உட்காரவில்லை. அப்ப அந்த அக்காவுக்குக் கை வெறைக்கலையா என்று மறுபடியும் கேட்டாள். தெரியாதும்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் அம்மாவிடம் நானே சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை, ரெண்டு நாள் என்கூடப் பேசாதீங்க என்றாள், ஆறு நாள் பேசவில்லை. வாசலில் இருக்கும் படத்துக்குக் கீழே இப்போது உன் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன், வருகிறவர்கள் உன்னைப் பற்றித்தான் கேட்கிறார்கள், பதில் சொல்லும்போது உள்ளே எரியத்தான் செய்கிறது. அது சாகும்வரை போகாது என்று நினைக்கிறேன். இருந்தாலும் நீ எனக்குப் படம் அனுப்பாத இந்த நாலு மாதத்தை விட அந்த எரிச்சல் நல்லது.

போன வியாழக்கிழமை சுகிர்தன் சேர் கடைக்கு வந்தார். பிள்ளையள் உங்கட மகளோட கதைக்க வேணுமாம், வீடியோவில ஏலுமோ என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நானும் வந்து உட்காரலாமா என்றதற்கு, வாங்கோ, ஆனால் பிள்ளையள் கேட்டு முடிஞ்சாப் பிறகுதான் உங்களுக்கு என்றார். அதுவரை பொறுத்திருக்க என்னால் முடியாது, இங்கேயே கேட்கிறேன். கை விறைத்ததா மகளே? விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே? இப்போது சரியாக இருக்கிறதா?

வேளைக்குச் சாப்பிடு, குளிர் நாட்டுக்குப் போகும்போது இரண்டு சோடி கையுறை கொண்டு போ. பாடசாலைக்கு எந்த நாள் வசதி என்று அம்மாவிடம் சொல், என்னிடம் சொல்ல விருப்பமிருந்தால் என்னிடமும் சொல். போகிற வழியெல்லாம் மாதா உன் முன்னால் நடக்கட்டும், உன் கைகள் நன்றாக இருக்கட்டும்.

உன் மேல் பொறாமையும் உன் மேல் உயிருமாக,
அப்பா
யேசுரட்ணம்