மூன்று நாள் ஊறிய புளியங்கொட்டை

6 ஒக்ரோபர், திங்கள்

வெயில். மழைக்குறி இல்லை. புளியங்கொட்டைத் தட்டுகளை எண்ணி முடித்தேன். எல்லாவற்றுக்கும் ஊற்றியது உவர்க் கிணற்றுத் தண்ணீர்தான். ஊறப்போடாமல் நட்ட தட்டில் இரண்டே முளை. இலேசான உப்புத் தண்ணீரில் ஓரிரவு ஊறி, நிழலில் உலர்ந்தபின் நட்டதில் முக்கால்வாசி. என் இரண்டு வருட வேலை. 

பிற்பகல் கூட்டம். நாற்றுப்பண்ணைப் பொறுப்பாளர் ஜெகன் சேர் எழுந்து, "உது என்ரை முறை" என்றார். நான் தேநீர் கொடுத்துக்கொண்டு நின்றேன். என்னைக் காட்டி, "உவ தண்ணி ஊத்திற பிள்ளை." சிரித்தார்கள்.

என் குறிப்புக் கொப்பி அவர் மேசையில்.

7, செவ்வாய்

அதிகாரிகள் வந்து பார்ப்பதற்கென்று சேர் ஒரு வாளி நிறையக் கொட்டை ஊறப்போட்டார். கொப்பியைப் பார்த்துத்தான். அதில் இருப்பது என் முதல் முயற்சி, மூன்று நாள் ஊறல். அத்தனையும் அழுகியது, அதை அதில் எழுதவில்லை. ஓரிரவு என்பது இந்த டயரியில் மட்டும்.

"மூண்டு நாள்தானே, பிள்ளை?"

"கொப்பியிலை அப்பிடித்தானே இருக்கு, சேர்."

பொய் இல்லை.

வாங்க: சவர்க்காரம், தலையிடி மாத்திரை.

10, வெள்ளி

வாளியில் நுரை, புளித்த வாடை. நட்டார். நானும் நட்டேன், ஒவ்வொன்றாய், மிகக் கவனமாக. மத்தியானம் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

20, திங்கள்

கொழும்பிலிருந்து அதிகாரிகள். தட்டுகளில் மண் மட்டும். ஒருவர் விரலால் கிண்டினார். கறுத்த கூழ்.

"கொட்டை பழுது" என்றார் சேர். ஏன் மூன்று நாள் என்று கேட்டார்கள்.  சேர் என்னைப் பார்த்தார். நான் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவர் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. ஆசைதீரப் பார்த்தேன்.

21, செவ்வாய்

தூறல். இங்குள்ள கொழும்புத்துறையிலிருந்து யோசப்பின் என்ற அக்கா தொலைபேசியில் அழைத்தா. கடலோரக் காணி, எது வைத்தாலும் உப்பில் கருகும். அழுகிப்போன கொட்டைகளில் வரவேண்டிய கன்றுகள் அவவுக்கும் அயலுக்கும்தான்.

"பிள்ளை, குழி வெட்டிப்போட்டம். எப்ப வரட்டும்?"

 இவவை நான் நினைக்கவேயில்லை.

"மாரி முடியிறதுக்குள்ளை நானே கொண்டுவாறன், அக்கா."

வீட்டு வாளியில் ஓரிரவுக்குக் கொட்டை ஊறப்போட்டேன். பின்னேரம் வீட்டு வாசல் படலையில் சேர், ஹெல்மெட் கையில்.

"மூண்டு நாள் ஊறினா அழுகுமெண்டு உமக்குத் தெரியும், என்ன?"

"ஓம்."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்களும் என்ரை பேரைச் சொல்லியிருக்கலாம்."

படலையைச் சாத்திக் கொழுக்கியும் போட்டேன்.