சங்குத்துறையில் கதவு கழற்றிய வழக்கு

வெண்கரை நாட்டைக் கடலும் குடிகளும் சினவாதபடி ஆளும் பெருநற்கோ வேந்தரின் திருவாய்மொழிப்படி, மனைவழக்கு அமைச்சன் பெருங்கடம்பன் சங்குத்துறைப் பட்டினக் காவலர் மருதங்கோவுக்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் நாவாய்கள் நலமே சேர்க. உம் தெருக்களில் அடுப்புகள் அணையாதிருக்க.

இவ்வாண்டில் கதவு கழற்றிய வழக்கு இது பதினொன்றாவது. எழுதி எழுதி என் எழுத்தாணியும் தேய்ந்தது. ஆயினும் இன்னொரு முறை விளங்கச் சொல்கிறேன்.

வாடகை தராத குடியின் வாசற்கதவை உரிமையாளர் மூன்று நாள் கழற்றி வைக்கலாம் என்பது உம் பட்டினத்துப் பழைய வழக்கம். தெருவார் பார்க்க நாணிக் குடி பேச்சுக்கு வரட்டும் என்பதே அதன் நோக்கம். பதினான்கு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் வணிகர் கீரஞ்சேந்தனோ, நாவாய்களுக்குப் பாய்ச்சீலை தைக்கும் சாத்தங்கண்ணியின் கதவை நாற்பது நாளாகத் தம் பண்டசாலையில் வைத்திருக்கிறார். அவள் செய்ததெல்லாம், ஒழுகிய கூரைக்குத் தானே ஓடு வாங்கி, அவ்விலையை வாடகையில் கழித்துக்கொண்டது. கதவில்லாவிட்டால் காற்றாவது நன்றாக வரட்டுமே அம்மணி என்று அவர் எள்ளியதாகவும், காற்றுக்கும் சேர்த்து வாடகை கேட்காதிரும் ஐயா என்று அவள் விடை கூறியதாகவும் தெருவார் சான்றுரைத்தனர்.

இத்தண்டனை எப்படி வேலை செய்கிறது என்று பாரும். கதவில்லாத வீட்டில் எந்நேரமும் ஒருவர் இருந்தே தீரவேண்டும். அவளோ இரு கைக்குழந்தைகளோடு தனித்து வாழ்பவள். வீட்டை விட்டுத் துறைக்குப் போக முடியவில்லை. போகாததால் தைக்கச் சீலை கிடைக்கவில்லை. தைக்காததால் இப்போது உண்மையாகவே வாடகை நின்றுவிட்டது. இல்லாத குற்றத்தைத் தண்டனையே உண்டாக்கியது. அதையே காரணம் காட்டி அவளை வெளியேற்ற வேண்டுமென்று வணிகர் மனுச் செய்திருக்கிறார். இந்த மழைக்காலத்தில் அவளுக்கு வேறு கூரை இல்லை.

நீர் அவருக்குப் பொன் தண்டம் விதித்தீர். அன்றே செலுத்திவிட்டு, மறுநாள் பதினான்கு வீட்டுக்கும் வாடகையை உயர்த்தினார். ஆக, அத்தண்டத்தைக் கட்டியவர்கள் குடியிருப்போரே. வீடுகளைப் பறிக்கலாமா என்று பின்னர் வினவியிருந்தீர். பறித்தால் நாளை வாடகைக்கென்று வீடு கட்ட யார் முன்வருவார்? பிறர்மேல் இறக்கி வைக்க முடியாத தண்டனையே இங்கு வேண்டும்.

ஆகவே ஆணை யாதெனில்: வணிகரின் மனு தள்ளப்பட்டது. உயர்த்திய வாடகை பழைய அளவுக்கு இறங்குக. கதவற்ற நாற்பது நாளுக்கும் அவளிடம் வாடகை கேட்கலாகாது. முன்னறிவிப்பின்றிக் கழித்தது அவள் பிழையாதலால், ஓட்டின் விலையில் பாதியை அவளே ஏற்க வேண்டும். கீரஞ்சேந்தனின் மாளிகைக் கதவு நாற்பது நாள் பட்டின மன்றத்தில் இருக்கட்டும். அத்தனை நாளும் அவரே தம் வாசலில் அமர்ந்து காவல் காக்க வேண்டும், கூலியாள் வைக்கலாகாது. வைத்தால் அக்கூலியும் வாடகையில் ஏறும்.

வேந்தரின் நண்டு இலச்சினை பதித்தோம். இவ்வோலையை மன்றத்தில் வாசிக்குமுன் சாத்தங்கண்ணியின் கதவை மாட்டிவிடும். இங்கே மழை தொடங்கிவிட்டது.