என் பேரைச் சொன்னாலும் நம்பாதே

பிப்ரவரி 2, திங்கள்

தங்கை சிந்துவுக்கு வியாழக்கிழமை இன்டர்வியூ. இங்கே பெங்களூரு ராஜாஜிநகரில் ஒரு ஸ்கேன் சென்டர், லேப் வேலை. திருப்பத்தூரை விட்டுத் தனியாக எங்கும் போனதில்லை. இந்த வேலை கிடைக்காவிட்டால் அம்மா கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவாள்.

போனில் எல்லாம் சொல்லிவிட்டேன். "ஆட்டோன்னு எவனாவது பைய புடிச்சா திரும்பிப் பாக்காத. ஆப்ல புக் பண்ணா நம்பர் பிளேட்ட பாத்துட்டு அப்புறமா ஓடிபி சொல்லு. போன கையில வச்சிக்கினு நிக்காத, சைலன்ட்ல போட்டு பைக்குள்ள வை. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் போகாத."

"அக்கா, நான் இன்டர்வியூக்கு வரனா, போருக்குப் போறனா?" என்று சிரிக்கிறாள். சிரிப்பாள். அவளுக்கு என்ன தெரியும் இந்த ஊரைப் பற்றி?

பிப்ரவரி 4

மேனேஜர் ஷில்பா லீவுக்குச் சரி என்றாள். நானே ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிறேன். நிம்மதி.

பிப்ரவரி 5

காலையில் ஷில்பா போன் செய்தாள். கிளையன்ட் மீட்டிங், வந்தே ஆக வேண்டுமாம். ஆபீஸுக்கு ஓடினேன். ஆபீஸ் செக்யூரிட்டி ஓஸ்வால்ட் அண்ணனுக்கு ஸ்டேஷன் பக்கத்தில், ஒக்கலிபுரத்தில் வீடு. நைட் டியூட்டி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார். "வூட்டுக்குப் போற வழிதானே மேடம், நான் கூட்டிப்போய் ஸ்கேன் சென்டர்ல உடறேன்" என்றார். சிந்துவின் போட்டோவை அவருக்கு அனுப்பினேன். சிந்துவுக்கும் அவர் பெயர், நம்பரோடு மெசேஜ் போட்டேன். அவள் போன் பைக்கு அடியில் சைலன்டில் கிடக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? சொன்னவளே நான்தானே!

முன்பின் தெரியாத ஒருவர் கையில் தன் போட்டோ. என் பெயரை வேறு சொல்கிறார். அவள் கத்திவிட்டாள். கூட்டம் கூடியது. யாரோ அவரை அடித்திருக்கிறார்கள். போலீஸ் கூப்பிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்டேஷன் போலீஸ் அறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் உதடு வீங்கியிருந்தது. இன்டர்வியூ நேரம் எப்போதோ போய்விட்டது.

"நீதானக்கா சொன்ன?" என்றாள் சிந்து.

பிப்ரவரி 6

காலை வண்டியில் ஊருக்குப் போய்விட்டாள். ஸ்கேன் சென்டரில் ஆள் எடுத்துவிட்டார்களாம்.

ஓஸ்வால்ட் அண்ணன் டியூட்டிக்கு வந்தார். சாரி என்றேன். வெறும் சாரி என்ன சாரி? "பர்வால்ல மேடம். பொண்ணு உஷாராகீது, நல்லதுதான்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 9

சிந்து போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 15

இன்றும் எடுக்கவில்லை. அம்மாவும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

மடிவாளாவில் என் செயினை அறுத்துக்கொண்டு போனார்களே, அன்றிலிருந்து எனக்குப் பின்னால் ஒரு பைக் சத்தம் கேட்டாலே உடம்பு சில்லிடுகிறது. அந்தப் பயத்தைத்தான் அவள் தலையில் கட்டினேனா? பத்திரமாக இரு என்றுதானே சொன்னேன் — அது தப்பா?

மார்ச் 9, திங்கள்

ஆபீஸ் கேட்டில் ஓஸ்வால்ட் அண்ணன், "தங்கச்சி இன்னிக்கு மெட்ரோல தனியாவே போய்டுச்சி மேடம்" என்றார்.

"எந்தத் தங்கச்சி?"

அவர் முகம் மாறிவிட்டது. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்…"

ஊருக்குத் திரும்பிய சில நாளிலேயே சிந்து அவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அவர் மனைவி டோரதி, தனக்குத் தெரிந்த லேப்பில் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறார். போன வாரம் முதல் அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறாள். அம்மாவுக்கும் தெரியும். இதே ஊரில் இருக்கும் எனக்குத்தான் தெரியாது.

மத்தியானம் கூப்பிட்டேன். எடுத்தாள். நன்றாக இருக்கிறேன் என்றாள்.

"ஞாயித்துக்கெழம வரட்டுமாடி?"

"இப்ப வேணாக்கா. கொஞ்ச நாள் போவட்டும். இப்பதான் பயமில்லாம நடக்கப் பழகறேன்."

சரி என்றேன்.